ஏழாம் எண் புட்டி

1966 மார்ச் 15, செவ்வாய்க்கிழமை. 5.40க்கு எழுந்தேன். வெளியே இரண்டு பாகை, மழை இல்லை. சவரம், ஒரு குவளை காபி, வெண்ணெய் தடவிய இரண்டு ரொட்டித் துண்டுகள். 6.32 டிராம். 7.15க்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்து இன்குபேட்டரின் வெப்பமானியைப் பார்த்தேன். 37.

நாட்குறிப்பில் அன்றைய முதல் ஐந்து வரிகள் இவை. அடுத்த வரியிலிருந்து என் கையெழுத்து கோணலாகிறது.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. சென்னையில் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய ஒரு புறநகர் மாவட்டத்தின் சுகாதார அலுவலகத்தில் அதே வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம். குழாய்த் தண்ணீர், பால், கோடையில் நீச்சல்குளங்கள், ஓரத்துப் பண்ணைகளின் கிணறுகள் எல்லாம் எங்கள் மேசைக்கு வரும்.

அலுவலகத்தில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. மாதிரி எடுப்பவர் குழாய் வாயைச் சுடரால் சுட்டு, தண்ணீரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, புட்டியில் பிடிப்பார். புட்டியில் எண் மட்டும்தான் இருக்கும். முகவரிப் பட்டியல் தனியாக, ஒட்டிய உறையில். அந்தத் தண்ணீரிலிருந்து கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டுகளை நாங்கள் பார்த்து எண்ணி, மையால் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே உறையைப் பிரிக்கலாம். யாருடைய தண்ணீர் என்று தெரிந்துகொண்டு எண்ணக்கூடாது என்பது எங்கள் தலைமை மருத்துவரின் விதி.

முந்தைய நாள் காலை ஒரு தெருவில் பழைய இரும்புக் குழாயை எடுத்துப் புதியதைப் பொருத்தியிருந்தார்கள். வேலை முடிந்ததும் அங்கிருந்து பதினோரு புட்டிகள் வந்தன. அந்தத் தட்டுகளுக்கு இருபத்து நான்கு மணி நேரம் நிறைவது செவ்வாய் பதினொரு மணிக்கு. பத்துத் தட்டுகள் சுத்தம். ஏழாம் எண் தட்டில் உலோகப் பளபளப்போடு சிவந்த பொட்டுகள். மலத்தில் வாழும் கிருமிகள். இரண்டு முறை எண்ணினேன். முப்பத்து நான்கு. எழுதினேன், கையெழுத்திட்டேன், உறையைப் பிரித்தேன்.

ஏழாம் எண், நான் குடியிருந்த வீடு. தரைத்தளத்துப் பால்கடையின் குழாய்.

பால்கடை வீட்டுக்கார அம்மாவுடையது. அறுபது வயதைத் தாண்டிய விதவை. கேனிலிருந்து அளந்து ஊற்றும் பால், தயிர், முட்டை, பாலாடைக்கட்டி. எதிர்ச் சாரியில் சுயசேவைக் கடை ஒன்று திறந்ததிலிருந்து பாதி வாடிக்கை அங்கே போய்விட்டது. மிச்சப் பாதி, இவர் கடை சுத்தம் என்பதற்காகவே வந்துகொண்டிருந்தது. ஒன்பது வீடுகளில் கதவைச் சாத்திய பிறகு எனக்கும் என் அறைத்தோழருக்கும் மாடியறையைக் கொடுத்தவர் அவர்.

மருத்துவர் தாளைப் படித்தார்.

"உங்க வீடுதானே இது?"

"ஆமாம், டாக்டர்."

"புதுக் குழாய்தான் காரணம்னா பதினொண்ணும் கெட்டிருக்கணும். ஒண்ணு மட்டும் கெட்டா, கோளாறு அந்த வீட்டுக்குள்ளே. அந்தம்மா உடம்பிலேயே கிருமி இருக்கலாம். கை பட்டுக் குழாய் வாய்க்கு உள்ளே, சுடர் படாத இடத்துக்குப் போயிருக்கலாம். நீங்க ஏதாவது கவனிச்சீங்களா?"

"இல்லை, டாக்டர்."

அந்த நேரத்தில் அது உண்மைதான்.

அவர் மூன்று விஷயங்களைச் சொன்னார். மதியமே மறு மாதிரி. அதன் முடிவு வரும்வரை கடையில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே புழங்க வேண்டும். மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடைக் கதவில் அலுவலகத்தின் மஞ்சள் தாளை ஒட்ட வேண்டும். அந்த அம்மாவின் மலப் பரிசோதனை மூன்று முறை சுத்தமென்று வரும்வரை கடை மூடியிருக்கும். சுற்றுவட்டார மருத்துவர்களைத் தொலைபேசியில் கேட்டார். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ எங்கும் இல்லை. ஆணையைத் தட்டச்சு செய்யச் சொன்னார். முத்திரை காலையில் குத்தலாம் என்றார்.

மஞ்சள் தாள் ஒட்டிவிட்டால் அந்தப் பால்கடைக்கு யாரும் வரமாட்டார்கள். அந்தத் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும்.

5.25க்கு வீடு திரும்பினேன். கடையில் அவர் தனியாக இருந்தார். கொதிநீரும் சோடாவுமாகப் பளிங்கு மேடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கைகள் முழங்கை வரை சிவந்திருந்தன.

"அலுவலகக் கார் இருபது நிமிஷம் வாசல்ல நின்னுச்சு. எதிர் வீட்டுக்காரி ஜன்னல்லேருந்து நகரவே இல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க அங்கதானே வேலை பார்க்கறீங்க. என் உடம்புல நோய் இருக்குன்னு நினைக்கறாங்களா?"

"இன்னும் எதுவும் உறுதியில்லை, அம்மா."

"யுத்தம் முடிஞ்ச வருஷம் எனக்கு டைபாய்டு வந்துச்சு. ஆஸ்பத்திரியில போயிடுச்சுன்னுதான் சொன்னாங்க. போகலைன்னா? இத்தனை வருஷமா குழந்தைங்களுக்கு நான் எதை ஊத்திக் கொடுத்திருக்கேன்?"

மாடிக்குப் போனேன்.

ஆறு மணிக்கு அறைத்தோழர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயது, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சாய வேதியியல் ஆராய்ச்சி. சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கீழே கழிவறைக்குப் போனார். கடைக்குப் பின்புறம் இருந்த அந்தக் கழிவறையை நாங்கள் இருவர்தான் பயன்படுத்தினோம். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் படிக்கட்டு வழியாக மேலே கேட்டது. அடுப்பில் அரிசியை வைத்தவன் அப்படியே நின்றேன்.

இந்த நாட்டுக் கழிவறையில் காகிதம் மட்டும்தான். எங்கள் இருவருக்கும் அது போதவில்லை. தோழர் தன் ஆய்வகத்திலிருந்து ஒன்றரை மீட்டர் சிவப்பு ரப்பர்க் குழாயைக் கொண்டுவந்து, கழிவறைக் கைகழுவும் குழாயில் செருகி, மறுமுனையை ஒரு துத்தநாக வாளிக்குள் போட்டிருந்தார். கூடவே ஒரு குவளை. தரையைக் கழுவ வைத்திருக்கிறோம் என்று நினைத்து வீட்டுக்கார அம்மா எங்களைப் பாராட்டியது உண்டு.

திங்கட்கிழமை காலை ஐந்திலிருந்து எட்டு வரை தண்ணீர் நிற்கும் என்று அறிவிப்பு வந்திருந்தது. நம் ஊர்ப் பழக்கப்படி வாளியை நிரப்பி வைத்துவிட்டோம். 5.50க்கு நான் போய்க் குழாயைத் திருகிப் பார்த்தேன். தண்ணீர் இல்லை. வரும்போது சத்தம் கேட்கட்டும் என்று, சென்னையில் தினமும் செய்ததுபோல், திறந்தே விட்டேன். களக் என்று ஒரு சத்தம் வந்தது. காற்று என்று நினைத்தேன். ஆறே காலுக்குக் குழாயை மூடப் போனால் வாளியில் பாதி இல்லை. தோழரோடு சண்டை போட்டேன். அவர் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார்.

தெருக்குழாய் காலியாகிக்கொண்டிருக்கும்போது, அதோடு சேர்ந்த திறந்த குழாயும், வாளித் தண்ணீரில் மூழ்கிய ரப்பர் முனையும். தண்ணீரை வாளியிலிருந்து, கடைக்கும் போகும் வீட்டுக் குழாய்க்குள் பின்னோக்கி இழுக்க வேறென்ன வேண்டும்? கழுவும் கையோடு எங்கள் குவளை போய்வந்த வாளி. இதைப் பற்றிச் சென்னையில் பதினோரு வருடம் மற்றவர்களை எச்சரித்தவன் நான்.

தோழர் திரும்பி வந்ததும் சொன்னேன். முதலில் சிரித்தார்.

"பாத்தியளோ, நான் தண்ணி எடுக்கேல்லை எண்டு அண்டைக்கே சொன்னனான். என்னைக் கள்ளனாக்கிப் போட்டியள்."

"தம்பி, விளையாட்டு இல்லை. நாளைக்கு எட்டு மணிக்குக் கடையை மூடறாங்க."

சிரிப்பு நின்றது. கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஓம், இப்ப என்ன செய்யப் போறியள்?"

"டாக்டர்கிட்ட சொல்லணும்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ, அண்ணை. குழாய் என்னத்துக்கு எண்டு அவர் கேப்பார். ஜெர்மன்ல என்னெண்டு சொல்லுவியள்? நாங்கள் பேப்பர் பாவிக்கிறேல்லை, கையால கழுவுறம் எண்டோ? நாளைக்கே உங்கட ஒஃபிஸ் முழுக்க அதுதான் பகிடி. உங்கட கையில புட்டி தருவினமோ?"

"தராம போகட்டும்."

"வீடும் போயிடும். ஒம்பது வீட்டில கதவைச் சாத்தினவை. மறந்துபோனியளோ? குழாயைக் கழட்டி எறிவம். இனி எடுக்கிற மாதிரி நல்லாத்தான் வரும். ஆருக்குத் தெரியும்?"

"அந்தம்மாவுக்குத் தெரியும். தன் உடம்புதான் காரணம்னு சாகறவரைக்கும் நினைச்சுக்கிட்டிருப்பாங்க."

சோறு அடிப்பிடித்திருந்தது, அதையே சாப்பிட்டோம். நான் இரண்டு முறை படியிறங்கினேன். முதல் முறை கடையில் ஒரு வாடிக்கையாளர் நின்றிருந்தார். இரண்டாம் முறை யாரும் இல்லை, ஆனாலும் திரும்பி ஏறிவந்தேன். அதற்குக் காரணம் என்று நாட்குறிப்பில் எதுவும் எழுதவில்லை. வெட்கம் என்று இப்போது எழுதுகிறேன்.

எட்டரைக்குத் தோழர் எழுந்தார். "கழட்டுறன்" என்றார்.

"வேண்டாம். இருக்கிறபடியே டாக்டர் பார்க்கணும். குழாயை மூடிட்டு, ரெண்டு பேரும் இனி அந்தப் பக்கம் போகக்கூடாது."

"அப்ப காலமை நான் எங்க போறது?"

"டிராம் நிலையத்துக் கழிவறைக்கு. பத்து பெனிக் காசு போட்டாத் திறக்கும்."

"நல்ல சுகாதார அதிகாரிதான் வாய்ச்சியள்" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

புதன்கிழமை. முதல் வேலையாக, பல்கூடத் துலக்காமல், 5.10க்குக் கடையின் பின்கதவைத் தட்டினேன். வீட்டுக்கார அம்மா மேலங்கியோடு நின்றிருந்தார். தூங்கிய முகமாக இல்லை. கழிவறைக்கு அழைத்துப்போய் ரப்பர்க் குழாயையும் வாளியையும் காட்டி, எதற்கென்று சொன்னேன். சொல்லத் தெரியாத இடத்தில் கையால் காட்டினேன். திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதையும் சொன்னேன்.

அவர் குனிந்து வாளிக்குள் பார்த்தார்.

"அப்போ என் உடம்பு இல்லையா?"

"இல்லைன்னுதான் நினைக்கறேன், அம்மா. நாங்கதான்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். பிறகு கோபம் வந்தது. "நேத்து சாயங்காலம் என் எதிரே நின்னுக்கிட்டிருந்தீங்களே!"

"அப்போ தெரியாது. ஆறு மணிக்குத்தான் தெரிஞ்சுது."

"ஆறு மணிக்கு நான் எங்கே இருந்தேன்? அமெரிக்காவிலேயா?"

அவர் கடைக்குள் போய் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'குழாய் வேலை. இன்று கடை இல்லை.' தன் கையாலேயே கதவில் மாட்டினார். பால் லாரி வந்ததும் கேன்களை இறக்க வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். "உங்க டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?" என்று மட்டும் கேட்டார்.

6.32 டிராமில் அந்த அம்மாவும் நானும் ஏறினோம். 7.20க்கு மருத்துவர் வந்தபோது அவருடைய அறை வாசலில் நின்றிருந்தோம். மேசையில் ஆணை இருந்தது, முத்திரை குத்தியிருக்கவில்லை. அந்த அம்மா என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினார்.

"முதல்ல இவர் பேசுவார்" என்றார்.