இரண்டு வாசல் வானம்

வானத்தைச் சுருட்டி வேனில் ஏற்றி, ஊர் ஊராகப் போய் விரித்துக் காட்டுவது தொண்ணூறுகளின் கடைசியில் என் பிழைப்பாக இருந்தது. கறுப்புத் துணியில் தைத்த பெரிய கூடாரம். புளோயரைப் போட்டால் காற்றில் உப்பி நிற்கும். பார்க்க வந்தவர்கள் உள்ளே தரையில் உட்கார, நடுவில் நின்று நான் நட்சத்திரம் காட்டுவேன். சித்திரை மாதம் கரிசல் காட்டில் அந்தத் துணிக்குள் நின்றால் சூரியனுக்குள் என்ன நடக்கிறது என்று தனியாகப் படிக்க வேண்டியதில்லை. மூட்டை தூக்கி ஊர் ஊராக அலைகிற பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

வேன் ஓட்டுவதும் புளோயரைப் பார்த்துக்கொள்வதும் சுடலைமுத்து அண்ணாச்சி. அவருடைய ஒரே மகள் பேச்சி, தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சி மருந்து கலக்கும் அறை தீப்பிடித்தபோது இறந்துபோனாள். அவர் என்னிடம் வருவதற்கு முன்பே நடந்தது அது. தினமும் நிகழ்ச்சியை வெளியே உட்கார்ந்து கேட்பார். ஒருநாளும் கூடாரத்துக்குள் வந்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை.

திருவாதிரையின் கடைசிக் காலம்

கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. திருவாதிரையைக் காட்டி, 'இது பெருத்துச் சிவந்து கடைசிக் காலத்தில் இருக்கிற நட்சத்திரம், ஒருநாள் வெடித்துச் சிதறிவிடும்' என்று வழக்கம்போலச் சொன்னேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

வெளியே வந்ததும் விழாக் கமிட்டியில் இருந்த கடலைமிட்டாய்க் கடைக்காரர் என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார். "எம்மவ திருவாதிரை, சார். வார வாரம் பொண்ணு பாக்க வாராவ. கடைசியா வந்த மாப்பிள்ளைக்குத் தம்பி இந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கான். கல்யாணம் முடியுத வரைக்குமாவது அது நல்லாருக்குன்னு மைக்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க."

ரெட்டைப் பிள்ளைகள்

எட்டயபுரம் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில், வேலை செய்யும் பெண்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காட்டினோம். நான் சொல்லும் கதையில் ரெட்டைப் பிள்ளைகளில் ஒருவன் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் ராக்கெட்டில் போகிறான். அவனுக்கு நேரம் மெதுவாக ஓடும். திரும்பி வரும்போது அவன் இளைஞன், வீட்டில் இருந்தவன் கிழவன். இதை நம்ப வைப்பதற்குள் பட்டணத்து வாத்தியார்களிடமே எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

இங்கே ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், மருந்துக்கறை ஏறிய விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நானும் எங்கக்காவும் ரெட்டைதான் சார். அவள மதுரைல கட்டிக் குடுத்தாவ, நான் இங்கன வேலைக்கு வந்தேன். இப்போ சேந்து நின்னா எங்கள தாயும் மகளும்னு சொல்லுதாவ."

கருந்துளை

பாஞ்சாலங்குறிச்சி போகும் வழியில் ஒரு கிராமப் பள்ளிக்கூடம். மத்தியான நேரம். நட்சத்திரம் நிமிர்ந்து நிற்பதே உள்ளே எரிகிற நெருப்பு வெளியே தள்ளுவதால்தான். எரிய ஒன்றும் இல்லாமல் போனால் தன் பாரத்திலேயே நசுங்கும். மிகப் பெரியதாக இருந்தால் வெளிச்சம்கூடத் திரும்பி வர முடியாத கருந்துளையாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. புளோயர் நின்றது. கூடாரம் மெல்ல எங்கள் தலைமேல் இறங்கியது.

ஆபத்து ஒன்றுமில்லை, வெறும் துணிதான். பிள்ளைகள் கூச்சலும் சிரிப்புமாக இருந்தார்கள். ஆனால் வெளியே, "ஏலே, வெளிய வாங்கலே! வாங்கலே!" என்று ஓர் அலறல். அண்ணாச்சி கத்தியால் துணியை மேலிருந்து கீழ்வரை கிழித்து, கைக்கு அகப்பட்ட பிள்ளைகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என் வானம் கிழிந்து தொங்கியது. வந்த ஆத்திரத்தில், "என்ன காரியம் செய்தீர்கள்?" என்று கத்தினேன். அவர் கடைசிப் பிள்ளையையும் வெளியே இழுத்து விட்டுவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கதவு ஒண்ணே ஒண்ணுதான வச்சிருக்கீங்க, சார். அங்கனயும் ஒண்ணுதான் இருந்துச்சு."

எட்டரை வருடத் தூரம்

கிழிசலைத் தைக்கக் கொடுத்துவிட்டு, டெய்லர் கடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். "சிரியஸ் நட்சத்திரத்து வெளிச்சம் இங்கன வர எட்டரை வருசம் ஆகும்னு சொல்லுதீங்கள்லா? நம்ம ஊரு வெளிச்சம் அங்கன போகவும் அவ்வளவுதான?" என்று அண்ணாச்சி கேட்டார். ஆமாம் என்றேன். "வார ஆடி வந்தா பேச்சி போயி எட்டு வருசம் ஆவுது. அப்போ அங்கன இருந்து பாக்கவனுக்கு அவ இன்னும் தூக்குச்சட்டியோட வேலைக்குப் போயிக்கிட்டுதான இருப்பா?"

இருப்பாள் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்து அவர் கேட்கப்போவதும் தெரிந்துவிட்டது. அங்கிருந்து யாராவது 'போகாதே' என்று சொன்னால்? எந்தச் சொல்லும் வெளிச்சத்தை முந்தாது, அண்ணாச்சி, வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

அதன்பிறகு சிரியஸ் சாயங்காலம் தெரிகிற மாதங்களில், சாமான் கட்டும்போது அதைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்பார். அந்த ஆடியில் பேச்சி போய் எட்டு வருடம் நிறைந்தது. அடுத்த வருடம் மாசி பிறந்த சமயத்தில் ஒருநாள் அந்தப் பக்கமே பார்க்காமல் சாமானை ஏற்றினார். என்ன அண்ணாச்சி என்றேன். "இன்னைக்கு அங்கனயும் போயிட்டா, சார்."

துணியைத் தைக்கக் கொடுத்த அன்று டெய்லர் கடையில் அவர் கிழிசலை மூட விடாமல் ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தார். பிரபஞ்சத்தைப் பற்றி நான் சொன்னது எதுவும் யாருக்கும் உதவியதா தெரியாது, ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வானத்துக்கு இரண்டு வாசல் இருந்தது.