காரணம் எழுதும் கட்டம்

மாலை மணி ஏழேகால் ஆனதும் இபுகி கடையின் சமையலறைக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறாள். கையில் 'பாதி விலை' என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர் சுருள். அவள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே சாப்பாட்டுப் பெட்டிகள் இருக்கும் பக்கம் ஆள் சேர்ந்துவிடுகிறது. யாரும் வரிசையில் நிற்பதில்லை. நின்றால் எதற்காக நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும் அல்லவா? ஒருவர் ஊறுகாய் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஊன்றிப் படிக்கிறார். ஓர் அம்மாள் மீன் பகுதிக்கும் இங்கேயுமாக நடக்கிறாள். இபுகி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இடது ஓரத்தில் கொரோக்கே என்னும் உருளைக்கிழங்கு வடையில் தொடங்கி, மாவில் தோய்த்த இறால் தெம்புரா, பொரித்த கோழி, சோற்றுப் பெட்டி என்று வலது ஓரம்வரை ஒரே வேகத்தில் ஒட்டிக்கொண்டே போகிறாள். மூலைக்கு மூலை நேராக இருக்கும். கோணலாக ஒட்டினால் மறுபடி பிரித்து ஒட்டுவாள்.

ஹாத்தோரி என்ற கிழவர் தினமும் ஒரு தந்திரம் செய்வார். ஆறரைக்கே நல்ல பெட்டியாகப் பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு கடையைச் சுற்றுவார். ஏழேகாலுக்குக் கூடையை அவள் முன் நீட்டுவார்.

"தங்கம், இதுக்கும் ஒண்ணு ஒட்டிடும்மா."

"தாத்தா, கூடைக்குள்ள போனது உங்களோடது. ஷெல்ஃபுல இருக்கறதுதான் என்னோடது."

"அப்ப திருப்பி வைக்கறேன்."

"வைங்க. ஆனா இன்னிக்கு இந்தப் பக்கம் நான் ஒட்டி முடிச்சாச்சு."

கிழவர் சிரித்துக்கொண்டே முழு விலை கொடுத்து வாங்கிப் போவார். மறுநாளும் அதே கூடையோடு வருவார்.

இபுகிக்குப் பதினேழு வயது. உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் வருடம். கடையில் அவளுடைய குடும்பப் பெயரோடு இன்னும் இரண்டு பேர் இருப்பதால் மேலாளர் உட்பட எல்லோரும் அவளை இபுகி என்றே கூப்பிடுகிறோம். எனக்கு அறுபத்தாறு. யாமாகட்டா மலைப்பக்கத்துச் சிற்றூர்களில் முப்பத்தொரு வருடம் பள்ளி ஆசிரியனாக இருந்து, துணைத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருந்தால் மனைவிக்குத் தலைவலி வருகிறது என்பதால் போன ஏப்ரலில் இந்தக் கடையின் பொரிக்கும் பிரிவில் சேர்ந்தேன். இபுகி எனக்கு நான்கு மாதம் சீனியர். முதல் நாள் வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி என்னை அவளிடம்தான் ஒப்படைத்தார்கள். என் குடும்பப் பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவாள்.

"குசகாபே-சான், கடிகாரத்தப் பாக்காதீங்க. சத்தத்தக் கேளுங்க. மொதல்ல சளசளன்னு கொட்டும். அப்புறம் சன்னமாகும். அப்ப எடுத்துடணும்."

நான் எடுத்ததெல்லாம் ஒன்று வெளுத்துக் கிடந்தது, இல்லாவிட்டால் கருகிக் கிடந்தது. அவள் திட்டவில்லை. உடைந்த கொரோக்கே ஒன்றை இரண்டாகப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாள். "உடைஞ்சது நம்ம கணக்கு. இன்னிக்கு நெறைய சாப்பிடலாம் போல."

மாணவர்களை நான் ஒருநாளும் 'நீங்க' என்று அழைத்ததில்லை. இவளை அழைக்கிறேன். முதல் வாரம் நாக்கு ஒத்துழைக்கவில்லை. இப்போது பழகிவிட்டது.

அவளிடம் சில விநோதங்கள் உண்டு. பெட்டிகளின் லேபிளில் இருக்கும் ஒவ்வாமைப் பட்டியலை முணுமுணுத்துக்கொண்டே அடுக்குவாள்: "கோதுமை, முட்டை, பால், சோயா, கோதுமை, இறால், முட்டை." எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லுவாள். சுருளில் கடைசியாக மிஞ்சும் ஸ்டிக்கரை யார் முதுகிலாவது ஒட்டிவிடுவாள். சமையலறைத் தலைவி நித்தா ஒருநாள் பாதி விலையில் வீடு போய்ச் சேர்ந்தாள். பேருந்தில் ஏறியதும் இபுகி தூங்கிப்போவாள். அக்டோபரில் ஒருமுறை இறங்குமிடம் தெரியாமல் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டாள்; ஓட்டுநர் தட்டி எழுப்பினார், முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வந்த அம்மா காரில் போய் அழைத்து வந்தாள். வகுப்பிலும் தூங்குகிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதைச் சொன்னவர் ஒனோதெரா. இருபது வருடத்துக்கு முன் என்னிடம் இளம் ஆசிரியராக வேலை பழகியவர். இன்று இபுகியின் வகுப்பாசிரியர். நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கையில் கூடையோடு கடைக்குள் வந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு கோழி பொரித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கூடையோடு குனிந்து வணங்கினார். கூடையிலிருந்த முள்ளங்கி உருண்டு போயிற்று.

"சென்செய்! நீங்களா இங்க?" ஆசிரியரை அழைக்கும் அந்தப் பழைய சொல்லை அவர் இன்னும் விடவில்லை.

அரிசி மூட்டைகள் அடுக்கிய பின்கட்டுக்கு அழைத்துப் போனேன். கணக்கில் இபுகிக்கு இருபத்து மூன்று, வேதியியலில் முப்பத்தொன்று மதிப்பெண் என்றார். நாற்பதுக்குக் கீழே இரண்டு பாடம் என்றால் பகுதிநேர வேலைக்குத் தந்த அனுமதி ரத்து. எந்தப் பள்ளியிலும் அநேகமாக இதுதான் விதி. நான் இருந்த பள்ளியில் அதை எழுதி வைத்தவனே நான்தான்.

"ஆச்சரியம் என்னன்னா சென்செய், இருபது சதவீதத்த மனசுலயே கழிக்கறா. தாள்ல எழுதச் சொன்னா முழிக்கறா. மூணாவது பீரியட்ல தூங்கிடறா. தட்டி எழுப்பினா 'வாங்க, வாங்க'ன்னு கத்தறா, வகுப்பே சிரிக்குது." ஒனோதெரா சிரிக்கவில்லை. "மறுதேர்வுவரைக்கும் நிறுத்தி வைக்கறோம். ஆனா ஒரேயடியா விட்டுடறதுதான் நல்லது. அடுத்த வருஷம் கடைசி வருஷம். நீங்க சொன்னா கேப்பா. ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நான் எப்படிச் சொல்றது? இங்க அவங்க எனக்கு சீனியர்."

நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார்.

அன்று வீட்டுக்கு நடந்தபோது மனசு சரியாக இல்லை. பணியில் இருந்த காலத்தில் சாயங்காலங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவேன். பல்பொருள் கடைகளில் பத்திரிகை அடுக்குக்குப் பின்னால் நின்று, கல்லாவில் அனுமதியில்லாமல் நிற்பது நம் பள்ளிப் பிள்ளையா என்று எட்டிப் பார்ப்பேன். பிடிபட்டவர்களில் ஒருத்தி, நூடுல்ஸ் கடையில் மேஜை துடைத்துக்கொண்டிருந்தவள், வாடிக்கையாளர்கள் பார்க்க ஏப்ரனைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தாள். மடிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. படிப்புக்காகத்தான் செய்கிறேன் என்று அப்போது நிஜமாகவே நம்பினேன். ஒனோதெரா இன்று நம்புவதும் பொய்யில்லை. பெண் தூங்கத்தான் செய்கிறாள். மார்க் இருபத்து மூன்றுதான்.

இபுகி விஷயத்தைக் கேட்டு அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. "டிசம்பர்லயா? வருஷக் கடைசி ஆர்டர் எல்லாம் யாரு பாப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் முடியும்வரை வேலை செய்துவிட்டு, சுவரில் எனக்காக ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். அதில் எண்ணெய் மாற்றும் நாள், எந்தத் தட்டு எந்தப் பக்கம் என்பதெல்லாம் இருந்தது. கடைசி வரி: 'ஹாத்தோரி தாத்தா கிட்ட இரக்கப்படாதீங்க.'

நான் இரக்கப்பட்டேன். இரண்டாம் நாளே கூடையிலிருந்த பெட்டிக்கு ஒட்டிவிட்டேன். மூன்றாம் நாள் ஏழு பேர் கூடையை நீட்டினார்கள். நித்தா என்னை உள்ளே கூப்பிட்டு, "குசகாபே-சான், நீங்க முப்பது வருஷம் பசங்கள அடக்கினீங்கன்னு சொல்றாங்க. நம்பவே முடியல," என்றாள். ஹாத்தோரி கிழவருக்கும் வெற்றி ருசிக்கவில்லை போல. "அந்தப் பொண்ணு எங்க? உடம்பு சரியில்லையா? நீர் ஒட்டறது ஒரு ஒட்டா? எல்லாம் கோணல்," என்று முகத்தைச் சுளித்தார்.

பத்து நாள் கழித்துப் பள்ளிச் சீருடையோடு இபுகி கடைக்கு வந்தாள். தலையில் பனி. வாங்க வந்ததாகச் சொல்லி ஒரு பால் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ஸ்டிக்கர் ஒட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்கள் டப்பாவின் மேல் தாளம் போட்டன. ஆனால் ஒரு பெட்டியையும் தொடவில்லை. வேலை முடிந்து நான் வெளியே வந்தபோது பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"குசகாபே-சான், நீங்க என்ன பாடம் எடுத்தீங்க?"

"பழைய இலக்கியம்."

"கணக்கு வராதா?"

"வராது."

"அப்ப உங்களால ஒரு பிரயோஜனமும் இல்ல." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "சரி, இதையாவது சொல்லுங்க. மறுதேர்வுல பாஸானா அனுமதிக்குப் புதுசா எழுதித் தரணும். இந்தக் 'காரணம்'ங்கற கட்டத்துல என்ன எழுதறது?"

எனக்குப் பழக்கமான தாள்தான். கட்டம்கூட அதே அளவு, இரண்டு விரல் அகலம்.

"போன தடவ என்ன எழுதினீங்க?"

"எல்லாரும் எழுதறதுதான். குடும்பச் செலவுக்கு உதவ. அம்மா பாத்துட்டு, நம்ம வீட்டுல என்ன அப்படிப் பஞ்சம்னு திட்டினாங்க."

"அப்படி எழுதினா அனுமதி முத்திரை விழும். வேற எது எழுதினாலும் விழாது. நான் முப்பது வருஷம் படிச்சிருக்கேன்."

"நிஜத்த எழுதினா?"

"யாரும் எழுதினதில்ல."

"நீங்க கேட்டீங்களா?"

பேருந்து வந்துவிட்டது. அவள் ஏறிப் போனாள். பதில் எனக்குத் தெரியும். கேட்டதில்லை.

டிசம்பர் இருபதுக்குமேல் ஒனோதெரா மறுபடி வந்தார். இந்த முறை கூடை எடுக்கவில்லை. கணக்கில் நாற்பத்து நான்கு, வேதியியலில் ஐம்பத்தொன்று என்றார். நல்ல செய்தி சொல்ல வந்தவர் முகமாக இல்லை. கோட்டுப் பையிலிருந்து அந்தப் படிவத்தின் நகலை எடுத்து நீட்டினார். காரணக் கட்டத்தில் சின்னச் சின்ன எழுத்து, இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதியிருந்தது:

'கடைக்கு ஒருநாள் நான் வரவில்லை என்றால் யாருக்காவது கஷ்டம். ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். வகுப்புக்கு வரவில்லை என்றால் ஒரு நாற்காலி காலி, அவ்வளவுதான். நாற்காலிக்காகக் காலையில் எழுந்திருக்க எனக்கு முடியவில்லை. சாயங்காலம் கடை இருக்கிறது என்றால் எழுந்திருக்கிறேன்.'

"முதல் வருஷத்துல முப்பத்தெட்டு நாள் வரல சென்செய். வேலைக்குச் சேர்ந்தப்புறம் வர்றா. தூங்கறா, ஆனா வர்றா. இத நான் கவனிச்சிருக்கணும்." அவர் பின்கட்டில் அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "இத எப்படித் தலைமையாசிரியர் மேஜையில வைக்கறது? 'குடும்பச் செலவு'ன்னு மாத்தி எழுதிக் குடு, நாளைக்கே முத்திரை வாங்கித் தரேன்னு சொன்னேன். மாட்டேங்கறா."

"நான் உங்களுக்குக் கத்துக்குடுத்தது அதுதான்," என்றேன். "இதுக்கு முத்திரை குடுக்கக் கூடாதுன்னு."

"ஆமா, கத்துக்குடுத்தீங்க."

"தப்பாக் கத்துக்குடுத்திருக்கேன், ஒனோதெரா."

அவர் நகலை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். பிறகு எழுந்து, அப்படியே வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைமையாசிரியரின் அறையில் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒனோதெரா இரண்டு தடவை உள்ளே போய் வந்தார் என்று மட்டும் கேள்வி. ஜனவரி பாதியில் முத்திரை விழுந்தது, பாதி அளவுக்கு: வாரத்துக்கு ஐந்து நாள் இருந்த வேலை மூன்று நாளாயிற்று, ஏழரைக்கு மேல் கூடாது, மார்ச்சில் மறுபடி இரண்டு பாடம் போனால் அத்தோடு முடிந்தது. இது சரியா, போதுமா, தெரியவில்லை. மார்ச்சில் அவள் தேறுவாளா என்றும் தெரியவில்லை. இப்போது மூன்றாவது பீரியடில் அவள் பக்கத்தில் நின்றுகொண்டுதான் ஒனோதெரா பாடம் நடத்துகிறாராம். "கழுத்துக்குப் பின்னாடி மூச்சு விடறாரு. தூங்கவே முடியல," என்று இபுகி குறைப்பட்டுக்கொள்கிறாள்.

அவள் திரும்பி வந்த முதல் நாள் வெள்ளிக்கிழமை. ஹாத்தோரி கிழவர் கூடையை நீட்டி, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு, பரம திருப்தியோடு முழு விலை கொடுத்துப் போனார். நான் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் காட்ட நினைத்தேன். அவள் இல்லாத ஆறு வாரத்தில் எனக்குச் சத்தம் பிடிபட்டிருந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல், அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தம் சன்னமான நொடியில் சட்டென்று திரும்பிப் பொரிக்கும் கூடையைத் தூக்கினேன். வேகம் அதிகமாகிவிட்டது. எண்ணெய் தெறித்து வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே விழுந்தது.

நான் சத்தம் போடவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இபுகி தட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து, பனிக்கால நீரில் பிடித்தாள். எலும்புவரை குளிர்ந்தது. ஒரு நிமிடம் போனதும், "போதும் இபுகி-சான், ஒண்ணும் இல்ல, வாடிக்கையாளர் நிக்கறாங்க," என்றேன்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விரல்களும் நீருக்குள்தான் இருந்தன. கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டு வந்தன. நான் கையை இழுத்துப் பார்த்தேன். அவள் பிடியை இன்னும் இறுக்கினாள்.