வெந்நீர் காணாத குழல்

ஆர்விட் மச்சானின் வேட்டைச் சட்டை எதற்கும் பின்பக்கம் முழுசாக இருக்காது. மானைக் குறி தவறவிட்டவனின் சட்டை வாலை வெட்டி, பேர் எழுதி, வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணி அடிப்பது எங்கள் வழக்கம். கொஞ்ச வருஷமாகச் சுவரில் ஏறியதெல்லாம் அவர் சட்டைதான்.

"பெருசுக்குக் கண்ணு போச்சு. அடுத்த தடவை மானையே கூட்டிட்டு வந்து எதிர்ல நிறுத்திருவோம்!" என்பான் எங்கள் வேட்டைக் கூட்டாளி வாலஸ், கத்தரிக்கோலை ஆட்டிக்கொண்டே.

மச்சான் வெட்டிக்கொள்ள முதுகைக் காட்டுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். என் அக்காவைக் கட்டியவர், தாமிரச் சுரங்கத்தில் வெடி வைத்த மனிதர். அவர் கண்ணுக்கும் கைக்கும் ஒரு கேடும் இல்லை. கோளாறு துப்பாக்கியில்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ரைஃபிள் அது. தோட்டாவும் ராணுவத்துப் பழசுதான், மலிவு. சுட்டால் அதன் மருந்திலிருந்து குழலுக்குள் உப்புப் படியும். அன்றைக்கே வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வெறும் எண்ணெய் விட்டால் அடியில் இருக்கிற உப்பு இரும்பைத் தின்றுவிடும். அதற்காகவே எங்கள் அடுப்பில் காப்பிக் கெட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும்.

மச்சானுக்கு ஒரே மகன், வெய்கோ. சில வருஷம் முன்பு அப்பாவின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வேட்டைக்கு வந்து சுட்டவன், ஏரிப் பக்கம் பனிப்புயல் திரள்வதைப் பார்த்து அவசரமாகக் கிளம்பினான். எண்ணெய் மட்டும் போட்டு உறையில் வைத்தான். "வெந்நி வீட்டுக்குப் போய் ஊத்திக்கிறேன் மாமா" என்று என்னிடம் சொன்னான். வழியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. காலையில்தான் கண்டுபிடித்தார்கள். நெடுநேரம் உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

துப்பாக்கிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த வேட்டைக் காலம் வரை அந்த உறையைத் திறக்க மச்சானுக்கு மனசு வரவில்லை. திறந்தபோது குழல் துருவேறிப் பொரிந்து கிடந்தது.

துப்பாக்கி பழுதுபார்க்கும் ஹில்மர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது குழல் இல்ல ஆர்விட், அடுப்புப் புகைபோக்கி. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. புதுக் குழல் போட்டுடலாம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் மச்சான். வருஷா வருஷம் அதையே சொன்னார்.

ஒருநாள் சண்டைக்கே போய்விட்டேன். "இரும்புதானே மச்சான், மாத்திட்டுப் போங்களேன்!"

"கடைசியா அதுக்கு எண்ணெய் போட்டது அவன் கைடா ஓனி. அதைக் கழட்டி எறியச் சொல்றியா?"

"அப்ப வாலஸ்கிட்டயாவது துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு சொல்லித் தொலைங்க."

"யாரு கெடுத்தான்னு கேப்பான். செத்த புள்ளையைப் போயி அவனுங்க வாயில போடவா? சட்டைதானே, வெட்டிக்கட்டும்."



இந்த நவம்பரில் குறி தப்பவில்லை. தப்பியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். குண்டு கோணலாகப் போய் ஒரு கலைமானின் பின்தொடையில் பாய்ந்தது. இருட்டும்வரை ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனோம், அகப்படவில்லை. விடிந்ததும் மறுபடி போனோம். ஒரு பள்ளத்தில் படுத்திருந்தது. முதுகெல்லாம் பனி. தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது.

என் துப்பாக்கியை வாங்கி அவரே முடித்தார். பிறகு அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"ராத்திரி பூரா உசுரோட கெடந்திருக்கு ஓனி. பள்ளத்துல. தனியா."

அவர் மானை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு இரண்டு கிழவர்களும் வாய்விட்டு அழுதோம்.

அந்த வாரமே துப்பாக்கியை ஹில்மரிடம் கொடுத்தார். புதுக் குழல் பளபளவென்று வந்தது. அதை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பழைய குழலைக் கேட்டு வாங்கி, கோணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பில் கெட்டிலை ஏற்றினார். குழலை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வெந்நீரை ஊற்றினார். கீழே செக்கச்செவேலென்று தண்ணீர் ஓடியது. மறுபடி ஊற்றினார். அப்போதும் சிவப்புதான்.

"போதும் விடுங்க மச்சான். இனிமே இது எதுக்கு ஆகும்?"

"வீட்டுக்கு வந்து ஊத்துறேன்னு உன்கிட்டதானே சொன்னான்" என்றார். "இப்பத்தான் வந்திருக்கான். இன்னொரு கெட்டில் வை."

வைத்தேன்.