படியும் வரை

ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடிப்பாள். உறவினர் வீடானாலும் அப்படித்தான். "எங்க தண்ணியில புழுவா நெளியுது அண்ணி?" என்று நாத்தனார் ஒருமுறை கேட்டேவிட்டாள். "கை தன்னால போயிடுது" என்று மழுப்பினாள்.

முலாம் பூசும் தொழிற்சாலையின் பின்புறம் இருக்கும் கழிவுநீர்த் தொட்டி அவள் பொறுப்பு. எல்லோருக்கும் அவள் டேங்க் அக்கா. குழாய்களுக்குக் குரோமியம் பூசி அலசிய தண்ணீர் மஞ்சளாக வந்து விழும். அந்த மஞ்சள்தான் விஷம். அமிலமும் மருந்தும் சேர்த்தால் பச்சையாகும். சுண்ணாம்புப் பாலை ஊற்றினால் பச்சை திரிதிரியாகத் திரண்டு மெல்ல அடியில் படியும். மேல்நீரில் ஒரு சொட்டு சோதனை மருந்து விட்டு, ஊதா நிறம் தலைகாட்டாவிட்டால்தான் வாய்க்காலுக்குத் திறப்பாள். அந்த வாய்க்கால் கீரைப் பாத்திகளுக்குப் போகிறது. படிகிற நேரத்தில் யாரும் அருகே வரக்கூடாது. "இப்பதான் கண்ணசருது" என்பாள், கைக்குழந்தையைச் சொல்வதுபோல.

பெரிய பொறுமைசாலி என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் பால் பொங்கும்வரை அடுப்பருகே நிற்கமாட்டாள். ஆனால் இங்கே, எதுவும் செய்யாமலிருப்பதே வேலையாக இருக்கும் அந்த நேரத்தை, ஏனோ அவளால் தாங்க முடிகிறது.

விஷத்தை அனுப்பிவைப்பவர் அவள் கணவர், முலாம் பிரிவின் ஃபோர்மேன். வீட்டில் 'என்னங்க', இங்கே 'ஃபோர்மேன் சார்'.

அன்று முலாம் பூசிய குழாய்களை ஏற்றிப்போக வாசலில் லாரி காத்திருந்தது. தொட்டி நிரம்பியிருந்ததால் அலசுநீர் போக இடமில்லை. இவள் திறந்தால்தான் அவர் பிரிவு ஓடும். நின்றால் முதலாளியிடம் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுத் தானே வந்தார்.

"மேல தெளிஞ்சிருச்சே, திறந்து விடேன்."

"சார் கண்ணுக்குத் தெளிஞ்சிருக்கும். பாதி இன்னும் மிதக்குது."

"கட்டின பொண்டாட்டிகிட்ட கெஞ்ச வேண்டியிருக்கு."

"வீட்ல கெஞ்சுங்க, யோசிக்கிறேன்."

சோதனை மருந்தை எடுக்க அவள் அறைக்குள் போனாள். உதவுவதாக நினைத்துத்தான் அவர் கலக்கும் விசிறியின் சுவிட்சைப் போட்டார். முலாம் தொட்டியில் கரைசலை அசைத்துக்கொண்டே இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அவர் கண்ட அனுபவம் அது. இங்கே திரிகள் நொறுங்கித் தூளாகி, தொட்டி முழுக்கப் பச்சைக் கலங்கல் ஏறியது.

ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நொறுங்கியது மறுபடி சேர்ந்து படிய முன்பைவிட அதிக நேரம் பிடிக்கும்.

"எப்ப படியும்?" என்றார்.

"அதுகிட்டதான் கேக்கணும்."

அவர் உள்ளே போனார். சற்றைக்கெல்லாம் முலாம் பிரிவின் இரைச்சல் அடங்கியது. திரும்பி வந்து தொட்டியோரம் நின்றவரை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கிடந்த காலி வாளியொன்றைக் கவிழ்த்து, அவர் உட்காரத் தள்ளிவைத்தாள்.