நாலாம் நாளும் ஆறாம் நாளும்

கனடாவில் இருக்கும் என் மருமகன் இஞ்சினியர். போனமுறை ஊருக்கு வந்தபோது அவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "மாமி, உதுக்குப் பேர் பொது மடங்கு, பொதுக் காரணி. நாங்கள் பள்ளிக்கூடத்திலை படிச்சது" என்றார். இருக்கட்டும். அவர் பெயரைப் படித்தார். நான் கணக்கையே கண்டுபிடித்தேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்றைக்குப் பண்டத்தரிப்பில் மூன்று மிசின் ஓடுகிற மிளகாய்த்தூள் மில் என்னுடையது. எந்த மிசினை எந்த நாளில் நிறுத்தித் துடைப்பது என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். கல்குலேட்டரை நான் கையால் தொட்டதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் தோட்டத்துக்கும் பெரியப்பாவின் தோட்டத்துக்கும் சேர்த்து நடுவில் ஒரே கிணறு, அப்பாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி. ஆனால் ஒரு நாளைக்கு ஒருவர் இறைக்கத்தான் தண்ணீர் காணும். பிறகு விடியும்வரை ஊறவேண்டும். அப்பா போட்டிருந்தது வெங்காயம். அதற்கு நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர். பெரியப்பா போட்டிருந்தது மிளகாய். அதற்கு ஆறு நாளுக்கு ஒருமுறை.

எல்லை வேலி ஒரு சாண் நகர்ந்துவிட்டது என்று தொடங்கிய பிணக்கில் இருவருக்கும் பேச்சில்லை. கோயிலில் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஆனால் சில காலைகளில் இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கொண்டுவந்து கிணற்றடியில் இறக்குவார்கள். அன்றைக்கு அவர்கள் சத்தம் அந்தச் செம்மண் தோட்டம் முழுக்கக் கேட்கும்.

"வேணுமெண்டு என்ரை நாளிலை வாறாய், என்னடா?"

"உங்கடை நாளோ? நான் நாலு நாளாப் பாத்துக்கொண்டு நிக்கிறன், அண்ணை!"

"பாத்துக் கிழிச்சாய். வெங்காயம் நுனி கருகிக் கிடக்கு, சாம்பல் போடத் தெரியாது. நீயெல்லாம் ஒரு தோட்டக்காரன்!"

"உங்கடை இருமலுக்கு முதல் மருந்தை எடுங்கோ. பிறகு என்ரை வெங்காயத்தைப் பாக்கலாம்."

இப்படித்தான் ஒரு மணித்தியாலம் போகும். கடைசியில் ஆளுக்குப் பாதி இறைப்பார்கள். இரண்டு பயிரும் அரைத் தாகத்தில் கிடக்கும். ஆனால் அந்தமுறை பேச்சு முற்றிப் பெரியப்பா மண்வெட்டியை ஓங்கிவிட்டார். "இன்னொருக்கா என்ரை நாளிலை வந்து பார், இது மண்ணிலை விழாது" என்றார். அப்பாவும் தன்னுடைய மண்வெட்டிக்குப் புதுப் பிடி போட்டார். அம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். நான் எண்ணத் தொடங்கினேன்.

நடுவதற்காகக் கொத்திக் கட்டிய பாத்திகள் ஒரு துண்டில் வெறுமையாகக் கிடந்தன. சண்டைக்கு மறுநாளிலிருந்து ஒரு பாத்தி ஒரு நாள் என்று வைத்துக்கொண்டேன். என் தம்பியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டேன். ஒவ்வொரு நாலாம் பாத்தியிலும் நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தேன்; அது அப்பா. ஒவ்வொரு ஆறாம் பாத்தியிலும் தம்பி ஒரு பனங்கொட்டையை வைக்கவேண்டும், அது பெரியப்பா. பன்னிரண்டாம் பாத்தியில் இரண்டும் ஒன்றாய்க் கிடந்தன. இருபத்துநாலிலும் அப்படியே. ஒருவரும் வேண்டுமென்று வரவில்லை. நாலும் ஆறும்தான் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அவர்களைக் கொண்டுவந்து மோதவிட்டிருக்கின்றன. வளர்ந்த இரண்டு ஆம்பிளைகளுக்கு இது பிடிபடவில்லை, பாருங்கள்.

அடுத்த மோதலுக்கான பன்னிரண்டு நாளில் இரண்டு கழிந்துவிட்டது. எப்படித் தடுப்பது? தம்பியைக் கொட்டைகளைப் பொறுக்கித் திரும்பவும் வைக்கச் சொன்னேன். அவனுக்கு அலுத்துவிட்டது. முதலாம் பாத்தியிலேயே ஒரு கொட்டையைப் போட்டுவிட்டு அங்கிருந்து ஆறு ஆறாக எண்ணிக்கொண்டு போனான். பிழையாக வைக்கிறான் என்று குட்டக் கையை ஓங்கினவள் அப்படியே நின்றுவிட்டேன். ஏழு, பதின்மூன்று, பத்தொன்பது. துண்டின் கடைசிவரை ஓடிப்போய்ப் பார்த்தேன். சிரட்டையும் கொட்டையும் ஒரு பாத்தியில்கூடச் சேரவில்லை.

ஏன் என்று பாத்தியிலேயே குந்தியிருந்து யோசித்தேன். நாலுக்குள்ளும் இரண்டு இருக்கிறது, ஆறுக்குள்ளும் இரண்டு இருக்கிறது. ஒற்றையில் தொடங்கினவன் எத்தனை ஆறு தாண்டினாலும் ஒற்றையில்தான் போய் நிற்பான். என் சிரட்டை எல்லாம் இரட்டையில். பெரியப்பா ஐந்து நாளுக்கு ஒருமுறை இறைப்பவராக இருந்திருந்தால், எவ்வளவு தள்ளினாலும் ஒருநாள் மோதல் வந்தே தீரும். அதையும் அன்றே வைத்துப் பார்த்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை.

நேரே பெரியப்பாவிடம் போனேன். ஒரே ஒருமுறை, ஆறாம் நாளுக்குப் பதிலாக ஏழாம் நாள் இறைக்கச் சொன்னேன். அப்பாவின் வேலையோ என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கொப்பன் சொல்லி அனுப்பினவனோ?"

"இல்லைப் பெரியப்பா. வந்து பாருங்கோ."

வந்தார். ஒவ்வொரு பாத்தியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு கடைசிவரை நடந்தார். திரும்பியும் நடந்தார். பிறகு இருமிக்கொண்டே சொன்னார்: "சரி பிள்ளை. ஆனால் கொப்பனுக்குச் சொல்லிப்போடு. நான் விட்டுக்குடுக்கேல்லை, கணக்குத்தான் விட்டுக்குடுத்தது."

பன்னிரண்டாம் நாள் விடிந்தது. அம்மா காலையிலிருந்தே கிணற்றுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் மிசின் சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த வருடத்தில் முதல்தடவையாக எங்கள் வெங்காயம் பன்னிரண்டாம் நாளில் வயிறாரக் குடித்தது. அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். நான் முற்றத்தில் ராணி மாதிரி நடந்தேன்.

இறைப்பு முடிந்து மிசின் நின்று வெகுநேரமாகியும் அப்பா வரவில்லை. தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றுக் கட்டில் தனியே இருந்தார். பெரியப்பா வீட்டுப் படலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாற வழியிலை பெரியப்பாவைக் கண்டனியோ? அவற்றை இருமல் எப்பிடி?" என்று கேட்டார்.

"அவர் நாளைக்குத்தான் வருவார் அப்பா. இனி நீங்கள் இரண்டு பேரும் சந்திக்கவே மாட்டியள். ஆயிரம் நாள் போனாலும் சந்திக்க மாட்டியள்!"

அப்பா "ஓம்" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என் கெட்டித்தனத்தை நினைத்து வாயடைத்துப் போய்விட்டார் என்று எண்ணி, பெருமை தாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.