கப்பல் படம் போட்ட உறை

போர்க்காலத்தில் எங்கள் பாடசாலை நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வருவது நின்றுபோயிருந்தது. இருப்பவையாவது கிழியாமல் இருக்கட்டும் என்று நூலகப் பொறுப்பாசிரியை எல்லாவற்றுக்கும் பத்திரிகைத் தாளில் உறை போடவைத்தார். எட்டாம் ஆண்டு வகுப்பில் எங்களுக்கு வியாழக்கிழமை கடைசிப் பாடம் நூலகம். முதற் பாதியில் வாசிப்போம். மறு பாதியில் கோதுமை மாப் பசையும் கத்தரிக்கோலும் மேசைக்கு வரும்.

தாளில் நல்ல படம் இருந்தால் அது வெளியே தெரியும்படி மடிப்பது எங்கள் வகுப்பு உண்டாக்கிய வழக்கம். உள்ளே இருப்பதற்குப் பொருத்தமான படமாகத் தேடுவோம். விலங்குகள் பற்றிய நூலுக்கு யானை. கணிதப் புதிர்களுக்கு எதுவும் அகப்படாததால் சவர்க்கார விளம்பரம். நாளடைவில் தலைப்புகள் மறந்துபோயின. “ரீச்சர், சவுக்காரம் திரும்பி வந்திட்டுதோ?” என்றுதான் கேட்போம்.

எனக்குப் பக்கத்துக் கதிரைக்காரி துறைமுகப் பக்கத்தில் இருந்து வருபவள். தகப்பன் மீன்பிடிகாரர். கடலுக்குப் போக அவருக்குப் பாஸ் வேண்டும். அதைக் கொடுப்பதும் பறிப்பதும் வீதிக் காவலரணில் நிற்கும் படையினரின் கையில். அவள் வகுப்பிலேயே அதிகம் வாசிப்பவள்.

இரண்டாம் தவணை, தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கியிருந்த ஒரு வியாழன். மாலுமி ஒருவன் உலகைச் சுற்றிவரும் கதையை அவள் எடுத்திருந்தாள். பழைய பத்திரிகைக் கட்டில் துறைமுக வாயிலில் நிற்கும் சாம்பல் நிறக் கப்பலின் பெரிய படம் அகப்பட்டது.

“இதைவிடப் பொருத்தமாய் என்ன வேணும்?” என்றாள்.

ஆசிரியையும் பார்த்தார். “வடிவாயிருக்கு. நேராய் மடியுங்கோ.”

அது போர்க்கப்பல் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. வீதிக்கு வந்தால் தினமும் கண்ணில் படுகிற கப்பல்தானே.

வீடு திரும்பும் வழியில் காவலரண். பையைக் கிளறவிடாமல் இருக்க நாங்கள் புத்தகங்களைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போவோம். அன்று நின்ற சிப்பாய் புதியவன். அவளுடைய புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இது எங்க கப்பல். நீ ஏன் வைச்சிருக்கு?” என்றான் அரைகுறைத் தமிழில்.

“கதைப் புத்தகம் ஐயா. பேப்பர் மட்டைக்குப் போட்டது.”

திறந்து பார்த்தான். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. அவளை அங்கிருந்த மர வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு வோக்கி டோக்கியில் யாரையோ கூப்பிட்டான். என்னைப் போகச் சொல்லிக் கையசைத்தான்.

“ரீச்சரைக் கூட்டிக்கொண்டு வா,” என்றாள் அவள் மெதுவாக. “எங்கட வீட்டை போகாதை. அம்மா பயந்து ஏங்கிப் போவா.”

ஆசிரியை நூலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கதவை மறுபடி திறந்து, அலுமாரியில் இருந்து நாலைந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டார். வழியெல்லாம், “காசு குடுத்தால் ஆரும் வாங்கிற பேப்பர்தானே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். குடையைக் காற்று புரட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

அதற்குள் அவனைவிடத் தமிழ் நன்றாகத் தெரிந்த ஓர் அதிகாரி வந்திருந்தார். ஆசிரியை மணல் மூட்டைகளின் மேல் புத்தகங்களை வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் இப்படித்தான் உறை போடுகிறோம் என்று விளக்கினார். அதிகாரி ஒன்றை எடுத்தார்.

“இது என்ன புத்தகம்?”

“கணக்கு.”

“கணக்குக்கு சவுக்காரமா?”

“பொருத்தமாய் வேறை ஒண்டும் கிடைக்கேல்லை,” என்றார் ஆசிரியை.

அதிகாரி சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அவளை விட்டுவிட்டார்கள். விடுமுன் தகப்பனின் பெயரையும் பாஸ் இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கப்பல் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொன்னார்கள். அது திரும்பி வரவில்லை.

அடுத்த வியாழன் படம் போட்ட உறைகளையெல்லாம் உரித்தோம். பழைய கலண்டர் தாள்களைப் பின்புறம் வெளியே தெரியும்படி போட்டதில் எல்லாப் புத்தகங்களும் ஒரே வெள்ளையாயின.

எடுத்ததைத் திருப்பித் தராதவர்களுக்கு வேறு புத்தகம் கிடையாது என்பது விதி. ஆசிரியை அதைப் பாராமல் அவளுக்கு ஒரு கதைப் புத்தகத்தை நீட்டினார்.

“வேண்டாம் ரீச்சர். ஒரு புத்தகமும் வீட்டுக்குள்ள வரக்கூடாதெண்டு அம்மா சொல்லிப்போட்டா. அப்பாவின்ர பாஸை இன்னும் பறிக்கேல்லை.”

ஆசிரியை புத்தகத்தை யன்னலோர மேசையில் வைத்தார். “அப்ப இஞ்சை இருந்து வாசியும். பசை வேலைக்கு நீர் வரவேண்டாம்.”

அதன்பின் வியாழன்தோறும் நாங்கள் தாள் வெட்டும்போதும் அவள் யன்னலோரத்தில் வாசித்துக்கொண்டிருப்பாள். மணி அடித்தால் புத்தகத்தை அலுமாரியில் வைத்துவிட்டு, நிறுத்திய பக்கத்தின் எண்ணை என்னிடம் சொல்வாள். உள்ளங்கையில் எழுதிக்கொள்ளலாமே என்றேன்.

“பிறகு காவலரணிலை இது என்ன நம்பர் எண்டு கேப்பினம். நீயே ஞாபகம் வைச்சிரு.”

மாரி மழை தொடங்குவதற்குள் தகப்பனின் பாஸ் பறிபோய், அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். அவள் கடைசியாகச் சொன்ன எண் அறுபத்தெட்டு. புத்தகத்தில் அதற்குப் பிறகும் பாதிக்கு மேல் இருந்தது.