கட்டைக்குரல் சில்வியா

சில்வியாவுக்குப் பன்னிரண்டு வயதில் குரல் உடைந்தது. பையன்களுக்குத்தான் அப்படி ஆகும் என்பார்கள். அவளுக்கும் ஆனது. குன்றத்தூரில் கோயில் பாடகர் குழுவை நடத்திய கன்னியாஸ்திரி ஒருநாள் பாட்டை நிறுத்தி, "யாரது, தவளை மாதிரி?" என்று கேட்டார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு அவளைப் பையன்கள் வரிசையின் ஓரத்தில் நிற்கவைத்தார்கள். அதன் பிறகு மூன்று வருஷம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா அவள் சிறுமியாக இருந்தபோதே காமாலையில் போய்விட்டார். அம்மா சவரியம்மாள் அரிசி மில்லில் புடைக்கிற வேலை பார்த்தாள். பத்தாவதில் கணக்கில் தோற்ற சில்வியாவும் அதே மில்லுக்குப் போனாள். மில் இயந்திரத்தின் இரைச்சலில் யாருக்கும் எதுவும் கேட்காது என்ற தைரியத்தில் அங்கேதான் அவள் வாய்விட்டுப் பாடினாள். இயந்திரம் சட்டென்று நின்ற ஒரு மதியம், நெல் விற்க வந்திருந்த பாண்டுரங்கன் அதைக் கேட்டுவிட்டார்.

பாண்டுரங்கன் கீபோர்டு வாசிப்பார். தேனருவி மெல்லிசைக் குழு என்று ஒன்றை நடத்திவந்தார். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம், கம்பெனிகளில் ஆயுத பூஜை என்று ஸ்ரீபெரும்புதூர் சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்தல் போட்டாலும் அந்தக் குழு இருக்கும். இனிப்பான பாட்டெல்லாம் மஞ்சுளா என்ற பெண்ணுக்கு. அவள் குரல் ஊசி மாதிரி மேலே போகும். சில்வியாவுக்குக் கிடைத்தது சினிமாவில் சாராயக் கடையிலும் கிளப்பிலும் ஆடுகிறவள் பாடுகிற பாட்டுகள். பாடும்போது முன்வரிசையில் விசில் பறக்கும். "கட்டைக்குரலைக் கூப்புடுப்பா!" என்று கத்துவார்கள். பாண்டுரங்கனும் ஒலிபெருக்கியில் அவளை அப்படியே அறிமுகப்படுத்தத் தொடங்கினார். "உங்கள் கட்டைக்குரல் சில்வியா." பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார், இவள்தான் அவள் என்று தெரிந்ததும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக யாரும் வரவில்லை.

குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் செல்வநாதன். யாழ்ப்பாணம் குருநகர்க்காரர். கொழும்பில் ஒரு ஓட்டல் இசைக்குழுவில் பத்து வருஷம் வாசித்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த ஓட்டலின் பின்கதவு வழியாகக் கிட்டாரோடு ஓடிவந்து, கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறையில் ஒதுங்கியவர். குழுவில் சில்வியாவை 'நீங்கள்' என்று சொல்லிப் பேசியது அவர் ஒருவர்தான். முதலில் அவளுக்கு அது கிண்டலாகத் தோன்றியது.

வாலாஜாபாத் கச்சேரிக்குப் போகிற வேனில்தான் அவள் அந்தப் பாட்டுகளை முதலில் கேட்டாள். செல்வநாதன் தன் சின்ன டேப்ரெக்கார்டரில், தனக்கு மட்டும் கேட்கிற அளவில் ஏதோ போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் பாடினாள். சில்வியாவைவிடக் கீழே, தொண்டைக்கும் கீழே, வயிற்றிலிருந்து வந்தது அந்தக் குரல். கெஞ்சவில்லை, கொஞ்சவில்லை. வேலை முடித்துவந்து கதவைத் திறக்கச் சொல்லுகிற குரல். அவளுக்குக் கீழே பேஸ், தரைக்கடியில் யாரோ நிதானமாக நடந்துபோகிற மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"இது யாருண்ணே, ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பிளைதான். அமெரிக்காவில கறுப்புச் சனம். கோயில்ல பாடிப் பழகி மேடைக்கு வந்தவை. இதைச் சோல் எண்டு சொல்றது."

"இப்பிடிப் பாடுனா அங்க கேக்குறாங்களா?"

"காசு குடுத்துக் கேக்கிறாங்கள்." அவர் சிரித்தார். "உங்கட குரல்ல ஒரு பிழையும் இல்லை, சில்வியா. இஞ்ச உங்களுக்குக் குடுக்கிற பாட்டுத்தான் பிழை."

அன்றைக்கு வாங்கிப்போன கேசட்டை அவள் ஒரு மாதம் திருப்பித் தரவில்லை. அரிசியில் கல் பொறுக்கும்போது, துணி துவைக்கும்போது, அம்மா மில்லுக்குப் போயிருக்கும்போது கேட்டாள். அதில் சோல் ஒரு பக்கம், அதே சனத்தின் ஆட்டப் பாட்டான ஃபங்க் மறுபக்கம். ஃபங்க் அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. பாட்டு முன்னே போகாமல் ஒரே இடத்தில் நின்று இடுப்பை ஆட்டுகிறதே என்றிருந்தது. பிறகு ஒருநாள் தாளத்தின் முதல் அடி எங்கே விழுகிறது என்று புரிந்தது. அதற்குப் பிறகு ஆட்டுக்கல்லில் மாவரைப்பதுகூட அந்தக் கணக்கில்தான். ஆங்கில வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு ஒரு பழைய ரேஷன் நோட்டில் தமிழெழுத்தில் எழுதிவைத்தாள். அர்த்தம் தெரியாத இடங்களைச் செல்வநாதனிடம் கேட்பாள். "அவன் திரும்பி வந்தா வரட்டும், நான் அழமாட்டன் எண்டுறா," என்பார் அவர். அவ்வளவுதானா என்று நினைப்பாள். பாடிப் பார்த்தால் அவ்வளவு இல்லை என்று தெரியும்.

தொண்ணூறாம் வருஷம் ஆயுத பூஜைக்கு, பெங்களூர் ரோட்டில் பெயிண்ட் டப்பா செய்கிற ஒரு கம்பெனியில் கச்சேரி. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த மேனேஜர் ஒருவர், இங்கிலீஷில் ஏதாவது பாடத் தெரியுமா என்று விளையாட்டாகச் சீட்டு எழுதி அனுப்பினார். பாண்டுரங்கன் உதட்டைப் பிதுக்கினார். செல்வநாதன் சில்வியாவைப் பார்த்தார். டிரம்ஸ்காரரிடம் எதையோ விரலால் தட்டிக் காட்டினார்.

அவள் பாடினாள். சுண்டலும் பொரியும் வாங்கப் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. விசில் இல்லை. ஆனால் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப் ஆட்கள் ஐந்தாறு பேர் மட்டும், பொட்டு வைத்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி அசையாமல் கேட்டார்கள். பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர்களில் ஒருவர் கையைத் தட்டினார். பத்து வருஷத்தில் மேடையில் தன்னை யாரோ கேட்டார்கள் என்று அவள் அன்றுதான் நினைத்தாள்.

அந்தத் தெம்பில்தான் செல்வநாதன் சென்னையில் ஓர் ஓட்டலுக்குப் போய்ப் பேசினார். சனிக்கிழமை இசைக்குழுவுக்குப் பாட ஒரு பெண் வேண்டுமாம். தொண்ணூற்றொன்று ஜூன் முதல் வாரத்தில் பாடிக்காட்ட வரச் சொன்னார்கள். சில்வியா அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு கறுப்புப் புடவை வாங்கிவைத்தாள்.

மே மாதம் இருபத்தொன்றாம் தேதி ஸ்ரீபெரும்புதூர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. தேர்தலுக்கு வந்த தலைவரும் கூட நின்றவர்களும் செத்துப்போனார்கள். மறுநாள் காலையில் பஸ் இல்லை, கடை இல்லை. இன்னும் இரண்டு நாளில், செய்தவர்கள் இலங்கைத் தமிழர்கள் என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. அதுவரை 'சிலோன் வாத்தியார்' என்று செல்வநாதனுக்கு வணக்கம் சொன்ன தெரு, அவர் வாயைத் திறந்தால் திரும்பிப் பார்த்தது. சைக்கிள் கடை நாகப்பன் அவருடைய பாயையும் பெட்டியையும் படிக்கட்டில் இறக்கிவைத்தார்.

மே கடைசியில் ஒரு நடுமதியம் செல்வநாதன் குன்றத்தூர் வீட்டுக்கு வந்தார். கையில் கிட்டார்ப் பெட்டி, தோளில் ஒரு பை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ்ஸில் வாயைத் திறந்து டிக்கெட் கேட்கப் பயந்து, நடந்தே வந்திருந்தார். சவரியம்மாள் தண்ணீர் கொடுத்தாள். ஆனால் கதவைச் சாத்தினாள்.

"இஞ்ச தங்க வரேல்லை, அம்மா. பயப்பிடாதேங்கோ," என்றார் அவர். சில்வியாவிடம் திரும்பினார். "எங்கட ஆக்களெல்லாம் பொலிசில பதியவேணுமாம். எட்டு வருசமா இஞ்ச இருக்கிறன், பாட்டுக் குழுவில வாசிக்கிறன் எண்டு ஊர் ஆள் ஒராள் சொன்னாக் காணும். நீங்கள் என்னோட ஒருக்கா ஸ்டேசனுக்கு வாறியளோ?"

சில்வியா வாயைத் திறப்பதற்குள் சவரியம்மாள் சொன்னாள்: "வயசுப் பொண்ண போலீஸ் ஸ்டேசனுக்கு இட்டுனு போறியா? நாளைக்கு ஊர்ல இன்னா பேசுவாங்கோ?"

"நாளைக்கு வரேண்ணே," என்றாள் சில்வியா. "காலைல வரேன். பாண்டுரங்கன் சாரையும் கூப்டுக்கினு வரேன்."

"ஓம், நாளைக்கு," என்றார். கிட்டாரை மட்டும் வைத்துவிட்டுப் போக அனுமதி கேட்டார். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள்.

காலையில் அவள் பாண்டுரங்கன் வீட்டுக்குப் போனபோது வாசலில் ஜீப் நின்றது. உள்ளே ஓர் அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும். பாண்டுரங்கன் நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏதோ வாடகைக்கு ரெண்டு கச்சேரி வாசிச்சான் சார். அவன் எந்த ஊருன்னே எனக்குத் தெரியாது," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வயதுக்கு வந்த இரண்டு பெண்கள். இருவரும் கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

அதிகாரி சில்வியா பக்கம் திரும்பினார். "நீ யாரும்மா? பாடுற பொண்ணா? செல்வநாதனைத் தெரியுமா?"

வழியெல்லாம் அவள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் வேறு. வாயில் வந்தவை வேறு.

"தெரியாது சார். மேடைல பின்னாடி நின்னு வாசிப்பாரு. பேசுனதில்ல."

"பேசினதே இல்ல?"

"இல்ல சார்."

அதிகாரி எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடியபடியே, "நேத்து சாயங்காலம் அவனே வந்துட்டான். உன் பேரைத்தான் குடுத்தான். குன்றத்தூர் சில்வியாவைக் கேளுங்க, அவங்க சொல்வாங்கன்னான்," என்றார்.

அப்போதும் நேரம் இருந்தது. அதிகாரி செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கி, ஜீப்பில் ஏறி, ஓட்டுநர் இரண்டு முறை முயன்று வண்டியைக் கிளப்புகிற வரைக்கும் நேரம் இருந்தது. சில்வியா கீபோர்டின் உறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செல்வநாதனை ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் கம்பி, வாசலில் காவல். ஜூன் முதல் வாரம் வந்து போனது. கறுப்புப் புடவை பிரிக்காமலே இருந்தது. கட்டிலுக்கு அடியில் கிட்டார் இருக்கிறவரை சவரியம்மாளுக்குத் தூக்கம் இல்லை. சில்வியா தையல் மெஷின் விசாரிக்கப் போயிருந்த ஒரு பகலில், பாண்டுரங்கனை வரச்சொல்லி அதை எடுத்துப்போகச் செய்துவிட்டாள். ஆடியில் மறுபடி கச்சேரிகள் தொடங்கின. முதல் மேடையில், காஞ்சிபுரத்திலிருந்து புதிதாக வந்த ஆள் ஒருவன் அந்தக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றான். நல்ல பையன்தான், சரியாகவே வாசித்தான். சில்வியா இரண்டு கிளப் பாட்டு பாடினாள். மூன்றாவதற்கு எழுந்திருக்கவில்லை. பாண்டுரங்கன் ஒலிபெருக்கியில் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மஞ்சுளாவை அழைத்தார்.

செப்டம்பரில் அவள் முகாமுக்குப் போனாள். வாசலில் ஒரு மணி நேரம் நிற்கவைத்தார்கள். "நீ இன்னா வேணும் அவனுக்கு?" என்று காவலர் கேட்டார். தங்கச்சி என்றாள். அவள் பேசிய தமிழைக் கேட்டுக் காவலர் சிரித்தாலும் உள்ளே சொல்லியனுப்பினார்.

செல்வநாதன் மெலிந்திருந்தார். கிட்டார் வாசிக்க வளர்த்திருந்த வலதுகை விரல் நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, அம்மாவின் சுகம் விசாரித்தார். அவள் கிட்டாரைப் பற்றிச் சொன்னாள். தலையை ஆட்டினார். பிறகு அவரே சொன்னார்.

"நீங்கள் சொன்னதை எனக்கு வாசிச்சுக் காட்டினவை."

அவள் கம்பியைப் பிடித்தாள்.

"பயத்தில சொன்னது எண்டு விளங்குது. உங்களைக் கேட்காமல் உங்கட பேரைக் குடுத்தது என்ர பிழை. ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர பேர். யோசிச்சிருக்கவேணும். மன்னியுங்கோ."

அவர் திட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள். காறித் துப்பியிருந்தால் காலில் விழுந்திருப்பாள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார். கொண்டுபோன பழங்களைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

தீபாவளிக்குப் பிறகு அவள் ரப்பர் வாஷர் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். பிசிறு வெட்டுகிற வேலை. லைனில் பெண்கள் இருபது பேர். சூப்பர்வைசர் இல்லாத நேரத்தில் பாடுவார்கள். அவளையும் பாடச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்றாள். ஒரு வாரம் கழித்துக் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருஷத் தொடக்கத்தில் இலங்கை அகதிகளைக் கப்பலில் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். செல்வநாதன் தை முடிவதற்குள்ளேயே போய்விட்டார் என்று, அதே முகாமில் தம்பி இருந்த ஒரு சிலோன் அம்மாள் கோயிலில் சொன்னாள். திருக்கோணமலையில் இறங்கினாராம். அதற்குமேல் அவளுக்கும் தெரியவில்லை. சில்வியா குருநகர்ப் பங்குக் கோயில் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். அங்கே அப்போது சண்டை. தபால் போகிறதா என்றே தபால்காரருக்குத் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் அவள் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சாமியார் பொறுமையாகக் கேட்டார். "நீ சாட்சி சொல்லியிருந்தா அவரை விட்டுருப்பாங்கன்னு நிச்சயமா சொல்ல முடியாதும்மா. நீ சொல்லியிருந்தாலும் கொண்டுதான் போயிருப்பாங்க," என்றார். பாவத்துக்குப் பரிகாரமாக 'அருள்நிறைந்த மரியே' ஜெபத்தை மூன்று தரம் சொல்லச் சொன்னார்.

மூன்று. அவள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முப்பது சொல்லச் சொல்லியிருந்தால், முழங்காலாலேயே கோயிலைச் சுற்றச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. அவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று கோபம் வந்தது. அந்த மூன்றையும் சொல்லாமலே எழுந்து, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு வந்தாள்.